நிற்காமல் போனவர்

நடைபாதையில் ஓர் இளைஞன் குப்புற விழுந்து கிடந்தான்.

டை கட்டிய ஒருவர் அந்தப் பக்கமாக வந்தார். குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஓட்டமும் நடையுமாகப் போய்த் தெருமுனையில் திரும்பி மறைந்துவிட்டார்.

எதிரே நின்ற வேனுக்குள் கேமராவோடு உட்கார்ந்திருந்த மாணவன் மெல்லச் சிரித்தான்.

"கேப்டன், மாட்டிட்டார்."

கேப்டன் என்பது அந்தக் குறும்படத்தின் இயக்குநருக்கு நண்பர்கள் வைத்த பெயர். கடைசி வருஷ மாணவி. விழுந்து கிடந்தவன் அவர்கள் குழுவின் நடிகன், ஒல்லி.

கதை ரொம்பச் சின்னது. ஒருத்தன் மயங்கி விழுகிறான், யாரும் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான். வேனுக்குள் ஒளிந்திருந்து, நிஜ மனிதர்களையே படம் பிடிப்பதாகத் திட்டம்.

ஆனால் காலையிலிருந்து வேலை ஓடவே இல்லை. ஒல்லி விழுந்தால் போதும், யாராவது வந்துவிடுகிறார்கள். ஒரு அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தார். பள்ளிக்கூடப் பெண்கள் புத்தகத்தால் விசிறினார்கள். ஒரு பைக்காரர் அவனை அலாக்காகத் தூக்கி வண்டியில் உட்காரவைக்கவே பார்த்தார். ஒவ்வொரு முறையும் ஒல்லி, "ஒண்ணுமில்லங்க, லேசா தலைசுத்தல்" என்று அசடு வழிய எழுந்திருக்க வேண்டியிருந்தது.

இப்போதுதான் கேப்டன் கேட்ட மாதிரி ஒருத்தர் கிடைத்தார்.

"போதும், கிளம்புங்க" என்றாள். "வேற யாராவது வந்து தூக்கறதுக்குள்ள அவனை ஏத்துங்க."

ஒல்லியை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கல்லூரி எடிட்டிங் அறையில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

"வாட்ச்சைப் பார்க்கறார் பாருங்க" என்றாள் கேப்டன். "ஒரு உயிரை விட அவருக்கு ஆபீஸ் பெருசு. இதை ஸ்லோமோஷன்ல போடு."

எடிட்டிங் செய்தவளுக்குக் கத்திரி என்று பெயர். அவள் தயங்கினாள்.

"அந்தத் தண்ணி தெளிச்ச அம்மா, பைக்காரர்... அவங்களை எங்க வைக்கறது?"

"எடுத்துடு."

"உதவி பண்ணவங்க அத்தனை பேரையும் வெட்டிட்டு, யாருமே உதவலன்னு சொன்னா எப்படி?"

"படத்துக்கு ஒரு கருத்து வேணும்ல. எல்லாரும் நல்லவங்கன்னு படம் எடுத்தா யாரு பார்ப்பா?"

"அப்ப இது நடிப்புன்னாவது ஒரு வரி போடலாமா?"

"போட்டா அழுத்தம் போயிடும்."

கத்திரி உதவியவர்களை ஒவ்வொருவராக வெட்டினாள்.

விளம்பரத்துக்காக அந்த ஒரு காட்சியை மட்டும் இணையத்தில் போட்டார்கள். கீழே கல்லூரியின் பெயர். அது காட்டுத்தீயாகப் பரவியது. 'இவனெல்லாம் மனுஷனா?' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'இவன் பிள்ளை ரோட்டில் கிடந்தால் தெரியும்' என்று இன்னொருவர். படம் போட்டிக்கும் தேர்வானது. கேப்டன் வகுப்புக்குள் நுழைந்தபோது கைதட்டினார்கள்.

ஒல்லிக்கு மட்டும் ஏனோ அந்தக் கமெண்டுகளைப் படிக்கப் பிடிக்கவில்லை.

ஒரு மத்தியானம் கேமராக்காரன் வேகமாக எடிட்டிங் அறைக்குள் வந்தான்.

"அவர் வந்திருக்கார்."

"எவர்?"

"டை கட்டினவர். ஆபீஸ் ரூம்ல விசாரிச்சுட்டு இங்கதான் வர்றார்."

கேப்டனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சண்டைக்குத்தான் வருவார். யாரும் வாயைத் திறக்காதீங்க. நான் பேசிக்கறேன். பொது இடத்துல எடுத்ததுதானே."

"மன்னிப்புக் கேட்டுடலாம் கேப்டன்" என்றாள் கத்திரி.

"எதுக்கு? போகாத ஆளையா போனதாக் காட்டினோம்?"

கதவு தட்டப்பட்டது. பக்கத்தில் இருந்த ஒல்லிதான் திறந்தான்.

வந்தவர் இன்று டை கட்டியிருக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், ஒல்லியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவன் தோளைத் தொட்டார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீதானே? நல்லா இருக்கியா?"

ஒல்லி தலையை மட்டும் ஆட்டினான்.

"சார்" என்று ஆரம்பித்தாள் கேப்டன், "அந்த வீடியோ பத்தி..."

"பார்த்தேம்மா. ஆபீஸ்லகூட ஒரு மாதிரியாத்தான் பார்க்கறாங்க. என் பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னுட்டா. அது கிடக்கட்டும்." அவர் ஒல்லியின் கையை விடவில்லை. "முதலுதவியெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. டாக்டர் சாப்பிடக் கிளம்பற நேரம் அது. வாட்ச்சைப் பார்த்தேன், ஓடினா பிடிச்சிடலாம்னு தோணிச்சு. முனையிலதான் கிளினிக். அவரைக் கையோட கூட்டிட்டு வந்தா, இந்தத் தம்பியைக் காணோம்."

அவர் ஒல்லியை மறுபடியும் ஏற இறங்கப் பார்த்தார்.

"சுத்தியிருந்த ஆஸ்பத்திரியெல்லாம் போய்க் கேட்டேன். அப்படி யாரும் வரலன்னுட்டாங்க. பொழச்சானா இல்லையான்னு தெரியாம ஒரு வாய் சோறு இறங்கலம்மா. வீடியோவுல உங்க காலேஜ் பேரைப் பார்த்தப்பதான், எடுத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு ஓடி வந்தேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேப்டன் பக்கம் திரும்பினார். இரண்டு கையையும் கூப்பினார்.

"நான் வர்றதுக்குள்ள இவனைத் தூக்கிட்டுப் போய்க் காப்பாத்தினது நீங்கதானேம்மா? ரொம்ப நல்லா இருக்கணும் நீங்க."