சொல்லாத சேதி

கோல்டிங் நகரில் நோயாளிகளை வீடு தேடிப்போய்ப் பராமரிப்பது தவமணியின் வேலை. யோனாஸிடம் அவள் போகத் தொடங்கி மூன்று மாதம். அவன் விசேட படை வீரன். பாலைவனத்தில் எதிரிகளின் பகுதிக்குள் இரகசியமாகப் போய், தலையில் காயத்தோடு திரும்பியவன்.

"அவன் கத்துறான் எண்டு ஒருத்தரும் அங்க போறேல்லை. நீங்கள் ஏன் அக்கா கேட்டு வாங்கிப் போறியள்?" என்றாள் கூட வேலைசெய்யும் அபிதா.

"பாவம் பிள்ளை."

அன்று சூப் ஊட்டும்போது யோனாஸ் தானாகவே பேசத் தொடங்கினான்.

"என் நண்பனுக்கு வயிற்றில் துப்பாக்கிச் சூடு. ஆறு மணித்தியாலம் தோளில் சுமந்தேன். உச்சி வெயிலில் போய்விட்டான்."

தவமணி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "கடைசியாக ஏதும் சொன்னானா?"

"இவ்வளவு வலியோடு செத்தேன் என்று அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதே என்றான். இன்றுவரை நான் சொல்லவில்லை."

"நல்லது தம்பி" என்று அவன் வாயைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மகன் பயிற்சியில் நடந்த விபத்தில் இறந்துவிட்டான் என்று மட்டும்தான் இராணுவம் அவளுக்கு எழுதியிருந்தது. அவனுடைய உயிர் நண்பன் இந்த யோனாஸ் என்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தெரியாது. தான் யார் என்று யோனாஸிடம் அவள் சொன்னதுமில்லை.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"என்ர பிள்ளை... என்ர தாரகன்..."