கூடையில் வந்த பெண்

குழந்தையாய்ச் சலவைக் கடைத் துணிக்கூடையில் கிடந்தவள், இன்று டி.என்.ஏ. முடிவோடு வந்தாள். அவளை எடுத்து வளர்த்த கூட்டாளிகள் இருவரும் இஸ்திரிப் பெட்டிகளை நிமிர்த்தி வைத்தார்கள்.

அவள் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர் சித்தப்பாவிடம் சொன்னார்: “இப்பவாவது ஒத்துக்கடா. உன் மானம் போகக்கூடாதுன்னுதான் இத்தனை வருஷமா வாயைத் திறக்கல.”

“நானா? உன் குழந்தைன்னு நினைச்சுத்தானே, கல்யாணம்கூட வேண்டாம்னு கூடவே இருந்து வளர்த்தேன்?”

“நீங்க ரெண்டு பேருமே இல்ல” என்றாள் அவள்.

முதலில் சித்தப்பாவுக்குத்தான் சிரிப்பு வந்தது.

“அப்போ ஏன் ரெண்டு பேரும் உங்களை அப்பான்னு என்னைக் கூப்பிட விடல?” என்று கேட்டாள்.

“அது அவனுக்குச் சேர வேண்டியதுன்னு விட்டுவெச்சேன்” என்றார் பெரியப்பா. சித்தப்பாவும் தலையாட்டினார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பா, கடையைப் பூட்டுங்க. வெளியே போய்ச் சாப்பிடலாம்.”

சாவிக்கு இரண்டு கைகள் நீண்டன.