பெண் பார்க்க வந்தவரின் தாடை

நறுமுகையைப் பெண் பார்க்க மாப்பிள்ளை செழியனும் அவன் அம்மா பவித்ராவும் ஆளுக்கொரு குடுவையோடு வந்தார்கள். ஆறு வருடமாக மாப்பிள்ளை வீட்டில் சாப்பாடே கிடையாது. மூன்று வேளையும் எடை குறைக்கும் மாவைக் கரைத்துக் குடிப்பதுதான்.

"முதல் வருஷமே இருபது கிலோ குறைச்சான்!" என்றார் பவித்ரா.

"அப்புறம் ஆன்ட்டி?" என்றாள் நறுமுகை.

"இருபத்திரண்டு ஏறிடுச்சும்மா."

ஏறாமல் என்ன செய்யும்? குடித்தது வயிற்றில் அதிக நேரம் நிற்பதில்லை. பசி உடனே திரும்பிவரும், இன்னொரு குடுவை உள்ளே போகும்.

நறுமுகை கீரையும் கொள்ளும் சாப்பிட்டு, தினமும் நடந்து, ஒன்பது கிலோ குறைத்திருந்தாள். அதை அவர்கள் கேட்கவில்லை.

"எங்க வீட்ல அடுப்பே இல்ல. நீயும் இதையே குடிச்சிட்டு ராணி மாதிரி இருக்கலாம்" என்றார் பவித்ரா.

நறுமுகையின் அப்பா சுண்டலை நீட்டினார். செழியன் ஆசையோடு நாலு கொண்டைக்கடலையை வாயில் போட்டான். மெல்லும் தசையும் மற்ற தசைகளைப் போலத்தான், வேலை கொடுக்காவிட்டால் இளைத்துவிடும். ஆறு வருடத்தில் அவன் உடம்பில் நிரந்தரமாக இளைத்தது அது ஒன்றுதான். மூன்றாவது கடியில் தாடை பிடித்துக்கொண்டது. வாயைத் திறக்க முடியவில்லை. கண்ணில் நீர் கொட்டியது.

"பாருங்க, பொண்ணை அவ்ளோ பிடிச்சுப்போச்சு!" என்று பவித்ரா பூரித்தார்.

"அது கடலை, ஆன்ட்டி," என்றாள் நறுமுகை. "வீட்டுக்குப் போய் ஒத்தடம் குடுங்க. எனக்கு மெல்லத் தெரிஞ்ச மாப்பிள்ளையா பாத்துக்கறேன்."