நண்டுகளுக்கு வந்த வைக்கோல்

புயலில் கடல் ஊருக்குள் ஏறியதில் நண்டுகளின் வளை ஒன்றுகூட மிஞ்சவில்லை. மறுவாரமே பக்கத்து எருமை நாட்டின் தலைவர் மந்தையப்பன் நிவாரணத்தோடு வந்து நின்றார். ஒரு பெரிய வைக்கோல் கட்டு.

“எங்க நாட்டுலயே ஒசத்தியான சரக்கு. வாங்கிக்கிட்டு எல்லாரும் கை தட்டுங்க,” என்றார்.

நண்டுகளின் தலைவி வளையம்மாள் கட்டை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தாள். வைக்கோலை எந்த நண்டு தின்னும்? ஆனாலும் உதவ வந்தவரிடம் மூஞ்சியைக் காட்ட முடியுமா? எல்லோரையும் கொடுக்கைத் தட்டச் சொன்னாள். மந்தையப்பன் திரும்பிப் போகும்போது, புதிதாகத் தோண்டியிருந்த நாலு வளைகள் அவர் காலில் மிதிபட்டு நொறுங்கின. அதற்கும் நண்டுகள் தட்டின.

அடுத்த வருஷம் எருமை நாட்டில் தீப்பிடித்தது. புல் பூண்டுகூட மிச்சமில்லை.

“அவங்க திங்கிறதை நமக்குக் குடுத்தாங்க. நாம திங்கிற அழுகல் மீனை அவங்களுக்குக் குடுப்போம். அதுதானே நியாயம்?” என்றது ஒரு நண்டு. மற்றவை எல்லாம் ஆமாம் போட்டன.

வளையம்மாளுக்கும் ஆசைதான். ஆனால் போன வருஷத்துப் பசி அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. மணல்மேட்டில் சும்மா கிடந்த வைக்கோல் கட்டை ஊரே சேர்ந்து இழுத்துக்கொண்டு போனது, எட்டு நாள், பக்கவாட்டிலேயே நடந்து.

மந்தையப்பன் ஒரு வாய் மென்றுவிட்டு முகம் சுளித்தார்.

“பழைய வைக்கோலா இருக்கே. கஷ்டப்படுறவங்களுக்குக் குடுக்கிறப்ப நல்லதாப் பார்த்துக் குடுக்க வேண்டாமா?”

“நீங்க குடுத்தப்ப புதுசாத்தாங்க இருந்துச்சு,” என்றாள் வளையம்மாள்.