தசராக் கையெழுத்து

“உங்க தெருவுல மட்டும் ஏன்க்கா போலீஸ் கேஸ் ஜாஸ்தி?” என்று ஆராய்ச்சிக்காக வந்த கல்லூரிப் பெண் அனகா போன மாதம் கேட்டாள். “பங்களாக்காரங்க காம்பவுண்டுக்குள்ள அடிச்சுக்குவாங்க, நாங்க தெருவுல அடிச்சுக்குவோம். ஜீப்பு தெருவுலதானே கண்ணு நிக்குது?” என்று நிர்மலா சிரித்தாள்.

இன்று போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தசரா நெருங்கினால், கூட்டத்தில் கலாட்டா கூடாதென்று, ரவுடிப் பட்டியலில் பெயர் உள்ள ஆண்கள் இங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும். பாதிப் பேர் அவள் தெருக்காரர்கள். பத்தொன்பது வயதில் யாரோ போட்ட சண்டையில் பிடிபட்டு, விடுதலையும் ஆன அவள் கணவன் தருண்குமார், பதினோராவது வருஷமாக வரிசையில் நிற்கிறான். வேலைக்குப் போகும் ஹெப்பாள் கம்பெனி பஸ் போய்விடுமே என்று காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறான். ஜன்னல் வெயில் ரிஜிஸ்டரில் விழுகிறது. நூலில் கட்டிய பேனா மேஜை விளிம்பில் ஆடிக்கொண்டே இருக்கிறது. “வாயத் தொறந்துடாத நிம்மி” என்று வாசலிலேயே கெஞ்சியிருக்கிறான். அவன் முறை வருகிறது; குனிகிறான். அதற்குள் நிர்மலா எழுந்துபோய் அந்தப் பேனாவைப் பிடித்துக்கொள்கிறாள். ஏட்டு நிமிர்ந்து பார்க்கிறார். குரல் நடுங்காமல், கன்னடத்தில் கேட்டேவிடுகிறாள்: “கோர்ட்டே இவர விட்டுடுச்சு சார். நீங்களும் லிஸ்ட்ல இவர் பேர அடிச்சு விட்டுடுங்க.”