பட்டனுக்கு வேலையில்லை

“நீலக் கேபிளைச் செருகிட்டீங்களாப்பா?”

“செருகிட்டேம்மா. எதுக்கு இது?”

வெளியூரில் கம்பெனி நடத்தும் மகள், வாடகை மிச்சம் என்று கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டரை அப்பா வீட்டு மாடியறையில் வைத்திருந்தாள். வாரந்தோறும் அது நின்றுவிடும். அவள் ஃபோன் செய்வாள். அப்பா மாடியேறிப் பட்டனை அமுக்குவார். அப்படியே இருவரும் கொஞ்ச நேரம் பேசிக்கொள்வார்கள்.

“புது சாஃப்ட்வேர் போட்டிருக்கேன். சர்வர் நின்னா இனிமே அந்தக் கேபிள் வழியா தானாவே எழுந்துக்கும். உங்களுக்கு மாடியேறுற தொல்லை விட்டுது.”

“எனக்கு ரெண்டாவது ரிட்டயர்மென்ட்டா!” என்று சிரித்தார் அப்பா.

மாதங்கள் ஓடின. அப்பாவிடம் பேசவேண்டும் என்று தினமும் நினைப்பாள். அதற்குள் ஒரு வேலை வந்துவிடும்.

ஒரு நாள் காலை சர்வர் அடியோடு அடங்கிப்போனது. எதற்கும் அசையவில்லை. வாடிக்கையாளர்கள் கத்தத் தொடங்க, பதறிப்போய் அப்பாவை அழைத்தாள்.

“கோவிச்சுக்காதேம்மா. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்.”

“ஐயோ, ஏம்ப்பா?”

“முன்னெல்லாம் பட்டனை அமுக்கி நிறுத்தினாலே நீ கூப்பிடுவே. இப்போ நிறுத்தினா, நீ போட்டது உடனே எழுப்பிவிட்டுடுது.”

வாடிக்கையாளர் அழைப்பில் அலறிய இன்னொரு ஃபோனை அவள் கவிழ்த்து வைத்தாள்.

“சாப்பிட்டியா? சீக்கிரம் சொல்லு, பிளக்கை மாட்டணும்ல” என்றார் அப்பா.