ரோட்டுக்கு அந்தப் பக்கம்

"அன்செல்மு, உன் பாட்டில்ல ஊர் பேரக் காணோமே, எலி தின்னுடுச்சா?"

நான் கேட்டதும் சாப்பாட்டுக் கடையே சிரிச்சுது. அன்செல்ம் மட்டும் சிரிக்கல. பன்னிக்கறிய வெட்டி வாயில போட்டுக்கிட்டான்.

அவன் தாத்தா காலத்துலேர்ந்து அந்த லேபிள்ல எங்க ஊர் பேருதான் பெரிசா இருக்கும். இந்த வருஷம் வெறும் 'ஃபிரான்ஸ் ஒயின்'. அதாவது, நாட்டுல எங்கயோ வெளைஞ்சது, கேள்வி கேக்காம குடின்னு அர்த்தம். விலையும் பாதிக்குப் பாதி.

இந்தச் சட்டத்த நெனச்சா எனக்கு இன்னிக்கும் வாய் பொளந்துக்கும். மாதா கோயிலுக்குப் பின்னாடி ஒரு ரோடு. ரெண்டு பக்கமும் ஒரே வெயில், ஒரே மழை, ஒரே திராட்சைக் கொடி. நத்தைகூட இங்க தூங்கி அங்க மேயுது. ஆனா இந்தப் பக்கத்துப் பழத்துக்குத்தான் ஊர் பேரு. அந்தப் பக்கத்துப் பழம் ஒரு கூடை கலந்தாலும் தொட்டி மொத்தத்துக்கும் பேரு போச்சு.

அன்செல்ம்கிட்ட இருக்கறதே ஒரு தொட்டி.

"ருசி பாக்கக்கூட எங்ககிட்ட கொண்டு வரலியேடா"ன்னு லூசியன் கத்தினான். ஊர் பேர் குடுக்கற கமிட்டில பெரிய ஆளு அவன். தன் கல்யாணத்துலயே தொப்பி கழட்டாதவன். "நீயா வந்து, எனக்குப் பேர் வேணாம்னுட்டுப் போயிட்ட. என்ன, பயமா?"

"ஆமா, பயம்தான்."

"உங்கப்பன் இருந்திருந்தா தொட்டியோட சேத்து உன்னையும் கழுவி விட்டிருப்பான்."

அப்பத்தான் பேக்கரிக்கார ஓதில் ரொட்டிக் கூடையோட உள்ள வந்தா. கடலோரத்துலேர்ந்து வாக்கப்பட்டு வந்தவ. மாவு தெரியும், திராட்சை தெரியாது. பாட்டிலப் பாத்ததும் கூடைய அப்படியே கீழ வெச்சுட்டா.

"இதானா அது?"

எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டா.

"என்ன, பிள்ளை மாதிரி தூக்கற?"ன்னேன்.

"பிள்ளைதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், பேக்கரிக்குப் பின்னால எங்க வீட்டுக்காரர் ரெமி கொடி நட்டாரே. மொத காய்ப்பப் பாக்காமலே போயிட்டாரு. இத்துனூண்டு பழம்னு எவனும் வாங்கல. குருவி தின்னட்டும்னு விட்டுட்டேன். இந்த அன்செல்ம்தான் வந்து, உன் பழம் சேந்தாத்தான் என் ஒயின் சரியா வரும்னு கெஞ்சி வாங்கிட்டுப் போனாரு."

எவனும் மெல்லல.

லூசியன் வாயத் தொறந்தான். அன்செல்ம் அவனப் பாத்தான். லூசியன் வாய மூடிக்கிட்டான்.

"ஏன் எல்லாரும் கம்முனு இருக்கீங்க? நல்லா வரலியா?"ன்னு ஓதில் பயந்துட்டா.

லூசியன் அவ கையிலேர்ந்து பாட்டில வாங்கி, கிளாஸ நெறைச்சு, ஒரு வாய் குடிச்சான். மெதுவா எந்திரிச்சான்.

"அவன் சொன்னது நெசம்தாம்மா. உன் பழம் சேரலன்னா, இப்படி ஒரு ஒயின் எங்க ஊருல வந்திருக்காது."

சொல்லிட்டுத் தொப்பியக் கழட்டினான்.

அவனுக்கு வழுக்கைன்னு ஊருக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.